மங்கியது, நகரவில்லை

ஏர்பேடு பக்கம் புதிதாக வந்திருக்கும் ஒரு ஆய்வுக்கூடத்தின் சுவரில் ஒளி அளவுகளைக் காட்டும் பெரிய வரைபடம் ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு இடத்தில் ஒரு எண் போட்டிருந்தது. அந்த இடத்தில் எந்த எண்ணும் இருக்கக் கூடாது. தப்பான எண்ணைப் போட்டுவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. சரியான எண் என்று ஒன்றே அங்கே கிடையாது.

கூடத்தைக் கவனிக்கும் கிரண் என்ற இளம் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். "சாஃப்ட்வேர் குடுத்தது மேடம்" என்றார். கோபத்தை அடக்கிக்கொண்டு சித்தூருக்குத் திரும்பிவிட்டேன். மறுநாள் அவரே ஃபோன் செய்து, "அந்தக் காலத்துல நீங்க எப்படி அளந்தீங்கன்னு எங்க ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க மேடம்" என்று கேட்டார். எழுதுகிறேன். இனிப்பாக எழுத எனக்கு வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் நகரிக்காரி. வீட்டில் விசைத்தறி ஓடியது. அந்தச் சத்தத்தில் கத்திப் பேசியே வளர்ந்தேன், இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறேன். திருப்பதியில் இயற்பியல் படித்து, சென்னையில் ஆராய்ச்சி முடித்து, திருப்பதியிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேயே ஓய்வு பெற்றேன். என் கணவருக்கு வேலை சித்தூரில் என்பதால் தினமும் ரயிலில் போய் வந்தேன். என் படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் ஆய்வகத்துக்குத் தலைவர் வெங்கடரமணா சார். பாகாலாவில் வீடு. நான் சித்தூரில் ஏறும் வண்டியில் அவர் பாகாலாவில் ஏறுவார். குரலை உயர்த்தவே மாட்டார். யார் எந்த அளவைக் கொண்டுபோய் நீட்டினாலும் கையில் வாங்க மாட்டார். "கோடு எவ்வளவு தெளிவும்மா?" என்று கேட்பார். அதைக் கரும்பலகையில் எழுதின பிறகுதான் மற்றதைப் பார்ப்பார். தெளிவைச் சொல்லத் தெரியாமல் நின்றால், "சரிலே, வெள்ளு" என்பார். போய்க்கொள் என்று அர்த்தம். மூன்று மாத உழைப்பாக இருந்தாலும் அதே இரண்டு வார்த்தைதான்.

அது என்ன கோடு என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பூசணிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். காம்புக்குப் பக்கத்தில் ஒரு ஊசியைப் படுக்க வையுங்கள். ஊசியைத் திருப்பாமல் அப்படியே இடுப்பு வரை இறக்குங்கள். இடுப்போடு கால் சுற்று நகர்த்துங்கள். மறுபடி காம்புக்கு ஏற்றுங்கள். ஊசி கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டது, ஆனால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். வழியில் எங்கேயும் நீங்கள் அதைத் திருப்பவில்லை. எவ்வளவு திரும்பியது என்பது நீங்கள் சுற்றி வளைத்த பரப்பைப் பொறுத்தது. வேகமாகப் போனீர்களா மெதுவாகப் போனீர்களா என்பதற்கு அதில் வேலையே இல்லை.

ஒளிக்கும் இதே கதைதான். ஒளியின் அதிர்வுக்குத் திசை உண்டு. அந்தத் திசையைப் படிகத் தகடுகள் வழியாக ஒரு சுற்று சுற்றவிட்டுப் பழைய நிலைக்கே கொண்டுவந்தால், ஒளி ஒரு நகர்வைச் சுமந்துகொண்டு வரும். அதற்குப் பெயர் வடிவியல் கட்டம். அதை எப்படிப் பார்ப்பது? ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சுற்றவிட்டு, மற்றதைச் சும்மா அனுப்பி, இரண்டையும் ஒரு திரையில் சேர்த்தால் வெளிச்சமும் இருட்டுமாகக் கோடுகள் விழும். சுற்றியதற்குத் தகுந்தபடி கோடுகள் பக்கவாட்டில் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் அளவு.

இது ஒளி முழுவதும் ஒரே நிலையில் இருந்தால். மூன்று பங்கு ஒளி ஒரு நிலையிலும், ஒரு பங்கு அதற்கு நேர் எதிர் நிலையிலும் இருந்தால் அது கலப்பு நிலை. எதிர் நிலை எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அதன் கோடுகள் எதிர்ப்பக்கம் நகரும். இரண்டும் ஒரே திரையில் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது, கண்ணுக்குத் தெரியும் கோடு எங்கே நிற்கும்? எங்கள் சண்டை முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான்.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ரயில் பாதை. வண்டி போனால் கருவிகள் வைத்த மேசை அதிரும், கோடுகள் நடுங்கும். பிரம்மோற்சவம் வந்தால் சிறப்பு ரயில்கள் வேறு. ஏசி காற்று பட்டாலும் கோடு ஆடும். ஆகவே திருப்பதி வெயிலில் ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வண்டி போய் முடிந்ததும் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்து அளப்போம். புடவை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த வண்டி வருவதற்குள் முடித்தாக வேண்டும். தெளிவான கோட்டைச் சீக்கிரம் அளந்துவிடலாம். மங்கிய கோட்டுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை ரயில்வே எங்களுக்குக் கொடுக்கவில்லை.

இதனால் எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கலப்பு நிலையைக் கலந்தபடியே அளப்பதில்லை. முதலில் ஒரு நிலையை மட்டும் அனுப்பி அதன் நகர்வைக் குறிப்போம். பிறகு எதிர் நிலையை மட்டும் அனுப்பி அதையும் குறிப்போம். இரண்டும் பளிச்சென்ற கோடுகள், ரயிலுக்கு முன்னால் வேலை முடிந்துவிடும். பிறகு மூன்றுக்கு ஒன்று என்று காகிதத்தில் சராசரி போடுவோம். சார் இப்படித்தான் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். சுற்றும் பரப்பு கூடக்கூட, கட்டமும் அதே அளவில் நேர்கோடாகக் கூடும் என்பது அதன் முடிவு. அந்தச் சமயத்தில் கலப்பு நிலையின் கட்டத்துக்கு இலக்கணம் சொன்ன ஆட்களே இரண்டு மூன்று விதமாகச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "அவங்க பேப்பர்ல சண்டை போடட்டும். நம்ம மேசை நேர்கோடுன்னு சொல்லிடுச்சு" என்பார் சார்.

அந்த நேரத்தில்தான் கல்பனாவின் ஆய்வு முடியும் கட்டத்துக்கு வந்தது. சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கையில் சித்தூரில் ஒரு கல்லூரி வேலைக்கான உத்தரவு இருந்தது. அந்தக் கல்லூரியில் சின்னதாக ஒரு ஒளியியல் ஆய்வகம் தொடங்கப் போகிறார்கள், அவளே அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, கல்லூரி திறக்கும் நாளுக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த சான்றோடு வந்து சேர வேண்டும். அதற்கு சாரின் கையெழுத்து வேண்டும்.

கல்பனா பிடிவாதக்காரி. கலப்பு நிலையைக் கலந்தேதான் அளப்பேன் என்று நின்றாள். இரண்டு லேசர்களை ஒரே பாதையில் விட்டாள், ஒன்று மூன்று பங்கு, எதிர் நிலையில் மற்றது ஒரு பங்கு. மங்கிய கோடுகளைக் கேமராவில் துண்டு துண்டாகப் படம் எடுத்து, படங்களையே ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினாள். நடுவில் மேசை நகர்ந்தால் தெரிய வேண்டும் என்று, எந்தத் தகட்டுக்குள்ளும் போகாத ஒளியில் பக்கத்திலேயே தனியாகக் கோடுகள் விழும்படி செய்தாள். அதற்குச் சாட்சிக் கோடு என்று பெயர் வைத்தோம்.

சின்னச் சுற்றுகளுக்கு அவள் அளவும் சாரின் நேர்கோடும் ஒன்றாகவே போயின. சுற்று பெரிதாக ஆக, அவளுடைய புள்ளிகள் நேர்கோட்டை விட்டு மேலே வளைந்தன. ஒரு இடத்தில் வித்தியாசம் அப்பட்டம். அங்கே பெரிய பங்கின் கோடு, கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியில் கால் பங்கு வலப்பக்கம் நகரும், சின்னப் பங்கின் கோடு இடப்பக்கம் கால் இடைவெளி நகரும். சாரின் சராசரிப்படி கலப்புக் கோடு வலப்பக்கம் அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு இடைவெளியில் நிற்க வேண்டும். கல்பனாவுக்கு முழுக் காலில் நின்றது.

சார் தாளைக் கையில் வாங்கவில்லை. "டேபிள் கதிலிந்திம்மா. மேசை நகர்ந்துடுச்சு. மறுபடி எடு."

"சாட்சிக் கோடு நகரல சார்."

"மறுபடி எடு."

எடுத்தாள். அதேதான் வந்தது. "ஏசி நிறுத்தினியா?" என்றார். மறுபடி எடுத்தாள். "வண்டி நேரம் பார்த்தியா?" என்றார். இப்படியே இரண்டு மாதம் போயிற்று. கல்லூரி திறக்கும் நாள் நெருங்கியது. கையெழுத்து வரவில்லை.

எங்கள் துறையில் பாஸ்கர் என்று ஒரு விரிவுரையாளர் இருந்தான். கெட்டவன் இல்லை. எல்லோருக்கும் நல்லவன், அதுதான் அவனோடு தொல்லை. ஒருநாள் தேநீர் நேரத்தில் கல்பனாவை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னான்:

"அக்கா, எதுக்கு இந்த ரகளை? பெரிய சுத்துல இருக்குற நாலு புள்ளிய எடுத்துடச் சொல்லு. சின்ன சுத்துல ரெண்டும் ஒண்ணாதானே போவுது? கோடு நேரா வந்துடும். சார் சைன் பண்ணிடுவாரு. பொண்ணு போயி வேலைல சேந்துடும்."

"உன் கல்யாணத்துல மாப்பிள்ளைய மட்டும் எடுத்துட்டு மீதியெல்லாம் நடத்தியிருக்கலாமேடா" என்றேன்.

"உங்கிட்ட பேச முடியாதுக்கா" என்று கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கல்பனா தன் கிளாஸைக் கீழே வைத்தாள். அப்புறம், "எங்க நைனா தெனம் ஃபோன் பண்ணிக்கினு இருக்குறாரு மேடம். என்னம்மா, கையெழுத்து ஆச்சா, ஆச்சான்னு" என்றாள்.

"என்னா சொன்ன?"

"மேசை நகருதுன்னு சார் சொல்றாருன்னேன். அவரு, ஒரு செங்கல்லு வெச்சு முட்டு குடுக்கலாமேன்றாரு." சிரித்தாள். உடனே சிரிப்பு நின்றுவிட்டது. "அந்த நாலு புள்ளிய எடுக்க மாட்டேன் மேடம். கண்ணால பாத்தேன். பாக்கலன்னு எழுதச் சொன்னா எப்படி?"

அவள் சொல்லாமல் விட்டது எனக்குத் தெரியும். எடுக்காவிட்டால் சித்தூர் வேலை இல்லை. அந்த வேலை இல்லாவிட்டால் இனி எந்த மேசையிலும் அவளுக்கு இடம் இல்லை.

கல்லூரி திறந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் என்று கல்லூரிக்காரர்களிடம் அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அந்த வாரத்தில் ஒரு காலை வழக்கம்போல் பாகாலாவில் சார் ஏறினார். வண்டியில் காணிப்பாக்கம் போய்விட்டுத் திருமலைக்குக் கிளம்பிய ஒரு குடும்பம் எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தது. சார் காகிதத்தில் வேர்க்கடலை வைத்துத் தோலுரித்துக்கொண்டிருந்தார். நான் அன்றைக்குக் கேட்டேவிடுவது என்று இருந்தேன்.

"சார், உங்க பழைய பேப்பர்ல கோடு எவ்வளவு தெளிவு?"

அவர் கேட்கும் கேள்வியை அவரையே யாரும் கேட்டதில்லை. முகத்தில் பெருமைதான் வந்தது. "நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுக்கு மேல. அந்த மாதிரி கோடு உங்க யாருக்கும் வராதும்மா."

"கல்பனாவோடது பாதிதான் தெளிவு."

"அதத்தான நான் சொல்லிக்கினு இருக்கேன். மேசை சரியில்ல."

"சார், கலப்புன்னா ரெண்டு கோடு ஒண்ணு மேல ஒண்ணு விழுது. ஒண்ணு வலப்பக்கம் போவுது, ஒண்ணு இடப்பக்கம் போவுது. அப்போ மங்கணுமா, வேணாமா?"

சார் இன்னொரு கடலையை எடுத்து உரித்தார்.

"மங்கலைன்னா அங்க என்ன கலந்துச்சு? நீங்க அளந்தது ரெண்டு தூய நிலை சார். தனித்தனியா. கலந்தது காகிதத்துலதான்."

என் குரல் தறிச்சத்தத்தில் வளர்ந்த குரல். எதிரில் இருந்த அம்மாள் பொறுக்க மாட்டாமல், "என்னாம்மா இது, பெரியவர இப்பிடி அதட்டிக்கினு இருக்குற? கொஞ்சம் சாந்தமா பேசு. சாமி பாக்கப் போற நேரத்துல" என்றாள்.

"அதட்டலம்மா. ஒரு கேள்வி கேட்டேன். அவருதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்த கேள்வி" என்றேன்.

சார் கடலையை அப்படியே மடித்துப் பையில் வைத்தார். சந்திரகிரி வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "ஏசி ஆஃப் பண்ணச் சொல்லு. நானே பாக்கணும்" என்றார்.

அன்றைக்கு நடந்ததை நான் மறக்க மாட்டேன். முற்பகல் வண்டி போய் முடிந்தது. மின்விசிறி நின்றது. கல்பனா சுற்றை அந்தக் கால் இடைவெளிக்கே வைத்தாள். சார் திரைமுன் குனிந்தார். திரையில் ஒட்டிய வெள்ளைத் தாளில் பென்சிலால் இரண்டு குறி போட்டார். ஒன்று காலில், ஒன்று அரைக்காலில்.

"சின்ன பங்கை மூடு."

கல்பனா இரண்டாவது லேசர்முன் ஒரு அட்டையை வைத்தாள். பெரிய பங்கு மட்டும். பளிச்சென்ற கோடு, கால் குறியின் மேல் நின்றது.

"திற."

அட்டையை எடுத்தாள். சாரின் சராசரி உண்மையென்றால் கோடு அந்தக் கணம் அரைக்கால் குறிக்குத் தள்ளிப் போக வேண்டும். போகவில்லை. நின்ற இடத்திலேயே மங்கியது. அவ்வளவுதான்.

"மூடு." பளிச்சென்றது. "திற." மங்கியது. "மூடு. திற. மூடு. திற." வேர்வை அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. அவர் துடைக்கவில்லை.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. இரண்டு கோடுகளும் எதிரெதிராகக் கால் கால் நகர்ந்தால், ஒன்றின் வெளிச்சம் சரியாக மற்றதன் இருட்டில் விழும். ஒரு பங்கு போய் எதிரே இருக்கும் ஒரு பங்கை அழித்துவிடும். மீதி இரண்டு பங்கு, பெரிய கோடு நின்ற இடத்திலேயே நிற்கும். கோடுகளைத்தான் கூட்ட வேண்டும், நகர்வுகளைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. சின்னச் சுற்றில் இரண்டு கணக்கும் ஒரே விடை கொடுப்பதால் வருஷக்கணக்காக யாருக்கும் தெரியவில்லை. எங்கள் வழக்கம் அந்தத் தவறைப் பத்திரமாக மூடி வைத்திருந்தது.

"மங்குது. நகரல" என்றார் சார், தனக்குத்தானே. பிறகு நிமிர்ந்து, "ரெண்டையும் பாதிக்குப் பாதி வை" என்றார்.

கல்பனா வைத்தாள். திரையில் கோடே இல்லை. ஒரே சீரான வெளிச்சம், துவைத்து வெளுத்த துணி மாதிரி.

"இப்போ கோடு எங்க இருக்குதும்மா?"

"இல்ல சார்."

"அப்போ கட்டம் எவ்வளவுன்னு எழுதுவ?"

"எழுத மாட்டேன் சார். அந்த இடத்த காலியா வுட்டுடுவேன்."

சார் கரும்பலகைக்குப் போனார். மூலையில் பல மாதமாக அழிக்காமல் வைத்திருந்த தன்னுடைய நேர்கோட்டைக் கையாலேயே அழித்தார். அன்று மாலைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் நானும் கல்பனாவும் அந்தக் கல்லூரிக்குப் போனோம். சார் பாகாலாவிலிருந்து எதிர்த்திசை வண்டி பிடித்து அங்கே வந்து நின்றார். நாங்கள் கூப்பிடவில்லை. முதல்வரிடம், "தாமதம் என்னால. இந்தப் பொண்ணு மேல தப்பு எதுவும் இல்ல" என்றார். முதல்வர் மரியாதையானவர். காபி வரவழைத்தார். தேர்வுப் பட்டியலில் அடுத்த இடத்தில் இருந்தவர் அந்த வேலையில் முந்தாநாளே சேர்ந்துவிட்டார் என்றார்.

வெளியே வந்ததும் சார் கல்பனாவிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"வுடுங்க சார். வண்டிக்கு நேரமாவுது, கெளம்புங்க" என்றாள் அவள்.

சார் அந்த மாதமே தன் பழைய கட்டுரை தவறு என்று அதே இதழுக்கு எழுதினார். காரணத்தை மழுப்பாமல், அளந்த முறையே தவறு என்று எழுதினார். அப்படி எழுதின வேறு பேராசிரியரை நான் என் வேலைக்காலத்தில் பார்த்ததில்லை. அதை மதிக்கிறேன். அந்த இரண்டு மாதத்தை மன்னிக்கவில்லை. அவர் இப்போது உயிரோடு இல்லை, அதற்காக இதை மாற்றி எழுதப் போவதும் இல்லை.

கல்பனாவுக்குப் பட்டம் வந்தது. அவளுடைய வளைகோட்டை இன்றைக்கு யாரும் சந்தேகப்படுவதில்லை. அவள் புத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள். அங்கே லேசர் என்றால் கரும்பலகையில் புள்ளி காட்டும் கருவி. அதற்குப் பிறகு அவள் ஒரு மேசையையும் தொடவில்லை.

இவ்வளவையும் எழுதின பிறகு கிரணுக்கு ஃபோன் செய்தேன். "கட்டுரை தரேன். ஆனா அந்த எண்ணப் பத்தி எங்கிட்ட கேக்காத. நான் ஒருத்திய கூட்டிக்கினு வரேன், அவகிட்ட கேளு" என்றேன்.

போன வாரம் போனோம். கல்பனாவுக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தாள். அவளுடைய வளைவு அப்படியே இருந்தது, அவள் பெயர் இல்லாமல். அவள் காலியாக விட்ட இடத்தில் அந்த எண் இருந்தது.

கிரண் கருவியைக் காட்டினார். எல்லாம் ஒரு பெட்டிக்குள். வெளியே எண் மட்டும் வரும்.

"கோட எங்க பாக்குறது?" என்றாள் கல்பனா.

"கோடு பாக்கத் தேவையில்ல மேடம். அதுவே ஃபிட் பண்ணிக் கட்டத்தக் குடுத்துடும்."

"கேமரா ஒண்ணு மாட்டுங்க தம்பி. பாக்கணும்."

மாட்டினார்கள். பாதிக்குப் பாதி, அதே சுற்று. கணினித் திரையில் சீரான சாம்பல் நிறம். கீழே மூலையில் எண் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு முறையும் வேறு வேறாக. கிரண் அதைப் பார்த்தார், சாம்பல் திரையைப் பார்த்தார். சுவர்ப் படத்தைக் கழற்றச் சொன்னார். "அந்த எடத்த காலியா வுட்டுட்டு, யார் அளந்ததுன்னு கீழ பேரு போடறோம் மேடம்" என்றார்.

நான் கிளம்பலாம் என்று எழுந்தேன். கல்பனா எழவில்லை. சின்னப் பங்கைக் கொஞ்சம் குறைத்தாள். சாம்பலுக்குள்ளிருந்து கோடு மங்கலாக எழுந்து, அசையாமல் நின்றது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னாடி?" என்றேன்.

"இங்க ரயிலே போவல மேடம்" என்றாள்.